நான்காம் பாகத்தின் முதல் பாதி

நூலகப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம், சேர்ந்த முதல் மாதத்திலேயே யாராவது ஒருவர் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்பார்: "ஒரு மனுஷன் வாழ்நாளில் கட்டாயம் படிக்க வேண்டிய புத்தகம் எதெல்லாம்?" உடனே பதில் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துறுதுறுக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு கிளை நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து எனக்கு ஒரு வருடம் ஆகியிருந்தது. சொந்த ஊர் நாசரேத். அப்பா, அம்மா இருவரும் பள்ளி ஆசிரியர்கள். எது நல்ல புத்தகம் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எனக்கும் இல்லை.

அந்த ஆண்டு நூலக வாரத்துக்காக ஒரு பட்டியல் தயாரித்தேன். மூன்று வாரம் அதற்கே போயிற்று. இரண்டு சார்ட் அட்டைகளைச் சேர்த்து ஒட்டி, சிவப்பு மையில் தலைப்பு எழுதினேன்: 'ஒவ்வொருவரும் வாழ்நாளில் படிக்க வேண்டிய நூறு நூல்கள்.' வாசலுக்கு எதிர்ச்சுவரில் அதை ஒட்டினோம். மதியத்துக்கு மேல் கடல்காற்று கிளம்பினால் அட்டையின் கீழ் ஓரம் மெல்ல எழும்பி அடங்கும். வேலைக்கு நடுவே அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொன்னால், அந்த நூறில் நான் முழுதாகப் படித்தவை நாற்பதுகூட இராது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு பிற்பகல், நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் வந்து பட்டியலின் முன்னால் நின்றார். சேலைத் தலைப்பு இன்னும் தலையில் முக்காடாகக் கிடந்தது. மாதா கோயிலிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை விரல் வைத்து எண்ணிவிட்டு என்னிடம் வந்தார்.

"டீச்சர், இதுல நூறு இருக்கு."

நான் டீச்சர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் தொடர்ந்துவிட்டார்.

"எங்க வீட்டுக்காரவியளுக்கு நூறுக்கு நேரம் கெடயாது. டாக்டர் மூணு மாசம்ங்காரு, கூடிப்போனா நாலு. இதுல பத்து மட்டும் சொல்லுங்க. நான் வாசிச்சுக் காட்டிருவேன்."

அவர் பெயர் ரோசம்மாள். கணவர் சூசை, சங்கு குளிக்கிறவர். சிறுவயதிலிருந்து கடலுக்கு அடியில் மூச்சடக்கியே பிழைத்த மனிதருக்கு நுரையீரல் கெட்டுப்போய்விட்டது. படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ரோசம்மாள் எட்டாவது வரை படித்தவர்.

"சும்மா கெடக்கும்போது ஒருநா சொன்னாவ, 'ஏளா, இந்தப் புத்தகத்துக்குள்ள எல்லாரும் என்னமோ வச்சிருக்கானுவளே, அது என்னன்னு தெரியாமலே போச்சே'ன்னு. மூணு மாசம்ங்கது அவியளுக்குத் தெரியாது, டீச்சர். தெரியவும் கூடாது."

நாளை வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அன்று மாலை அலமாரிகளுக்கு நடுவே நடந்தேன். நானே சிவப்பு மையில் எழுதிய தலைப்பு, நானே பொறுக்கிய நூறு. அதிலிருந்து பத்தை எடுக்க என்னால் முடியவில்லை. ஒவ்வொரு புத்தகமாகக் கையில் எடுத்து, மூன்று மாதம்தான் மிச்சமென்றால் இதை நான் படிப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலானவற்றைத் திரும்ப அதன் இடத்திலேயே வைத்தேன். கடைசியில் மெலிதான மூன்று புத்தகங்களை எடுத்து வைத்தேன். ஒன்று நன்னெறி நூல், ஒன்று ஒரு பெரிய மனிதரின் வரலாறு, மூன்றாவது கடல் பயணக் கதை. கடல்காரருக்குக் கடல் கதை பிடிக்கும் என்று நினைத்தேன்.

நாலே நாளில் மூன்றும் திரும்பி வந்தன.

"மொதப் புத்தகத்துல நல்லாத் தூங்குனாவ. மருந்துக்குக்கூட அப்படித் தூக்கம் வரல," என்றார் ரோசம்மாள். "ரெண்டாவது வாசிக்கும்போது, இந்த மனுசர் ஒரு தப்புகூடவா பண்ணலன்னு கேட்டாவ. மூணாவது எடுத்தேன், 'கடலப் பத்தி எனக்கே வாசிச்சுக் காட்டுதியா'ன்னு சிரிச்சாவ. சிரிச்சதுல இருமல் வந்துட்டு."

சற்று நின்று, குரலைத் தாழ்த்தினார். "அதுபோக, எல்லாம் சின்னச் சின்னதா இருக்கே, ஏன்னு கேட்டாவ. நான் ஒண்ணும் சொல்லல."

எங்கள் நூலகருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். மெலிந்த உடம்பு, எப்போதும் முழுக்கைச் சட்டை. நான் போய் விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு முழுதும் கேட்டார். பிறகு சொன்னார்.

"சின்னப் புத்தகமா எடுத்துக் குடுத்தா, நாம நாளை எண்ணிக்கிட்டு இருக்கோம்னு அவருக்குத் தெரிஞ்சிரும். பெருசா ஏதாவது குடுங்க."

"முடியாமப் போயிட்டா சார்?"

"உங்க பட்டியல்ல இருக்கிற நூறையும் முடிச்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்துகொண்டார்.

என் பட்டியலில் இல்லாத ஒரு நாவல் இருந்தது. நான்கு பாகங்கள். ஏலக்காய் மலையில் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை. பதினைந்து வயதில் பரீட்சைப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்தது. நான்கு நாட்கள் எங்கள் வீட்டு முற்றமெல்லாம் மலைப்பனி இறங்கிக் கிடந்ததுபோல இருந்தது எனக்கு. ஆனாலும், படித்தவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதன் முதல் பாகத்தை எடுத்து ரோசம்மாளிடம் கொடுத்தேன். இது போல இன்னும் மூன்று பாகம் இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள் என்றேன்.

அடுத்த வாரம் ரோசம்மாள் இரண்டாம் பாகம் கேட்டு வந்தார். கடலின் ஆழத்தைச் சங்கு குளிக்கிறவர்கள் 'பாகம்' என்றுதான் அளப்பார்கள். "நாலு பாகம் இருக்காம்னு சொன்னேன். 'பத்துப் பாகம் கீழ போய் வந்தவன்லா நான், நாலு என்ன பெரிய ஆழமா'ன்னாவ," என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஒரு வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு விடுமுறை நாள், அவர்கள் வீட்டுக்குப் போனேன். கோயிலுக்குப் பின்னால் குறுகலான சந்து. வீட்டு முன்னால் ஒரு வாதமரம், அதன் அடியில் கயிற்றுக்கட்டில். சூசை கண்ணை மூடிப் படுத்திருந்தார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு ரோசம்மாள் வாசித்துக்கொண்டிருந்தார். சிவந்த வாதமர இலை ஒன்று எப்போதாவது புத்தகத்தின்மேல் விழும். அவர் வாசிப்பை நிறுத்தாமல் அதைத் தள்ளிவிடுவார். வெயிலில் உப்பும் மீனும் கலந்த வாடை. அந்த வாடைக்குள் மலை, மூங்கில், விடியற்காலைப் பனி என்று வார்த்தைகள் போய்க்கொண்டிருந்தன. நான் எங்கே நிற்கிறேன் என்பது எனக்குச் சற்று நேரம் மறந்துபோயிற்று.

அத்தியாயம் முடிந்ததும் சூசை கண்ணைத் திறந்தார்.

"வாங்க டீச்சர். இவ வாசிக்கதுல ஒரு கோளாறு இருக்கு. மூச்சத் தப்பான எடத்துல விடுதா. நடு வாக்கியத்துல மேல வந்துருதா. கீழ போனா, போன வேல முடியிற மட்டும் அங்கனயே இருக்கணும்லா?"

"அப்ப நீங்களே வாசிங்க," என்று சொல்லிவிட்டு ரோசம்மாள் காபி போட உள்ளே போனார்.

அவர் தலை மறைந்ததும் சூசை என் பக்கம் லேசாகத் திரும்பினார்.

"டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். அவகிட்டச் சொல்லிராதிய."

நான் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன்.

"வாரவிய எல்லாரும் மொகத்தப் பாத்துட்டு, பழத்த வச்சிட்டுப் போயிருதாவ. நீங்க நாலு பாகம் இருக்குன்னு சொல்லி விட்டிய. அன்னைக்கு அவ மொகம் தெளிஞ்சிருந்துது." கண்ணை மூடிக்கொண்டார். "அவ வாசிக்கும்போது கீழ போய்க்கிட்டே இருக்கேன், டீச்சர். சத்தமில்லாத எடம். வெளிச்சம் மேல எங்கயோ ஆடிக்கிட்டுக் கெடக்கும். அங்கன ஒரு மலை இருக்கு. நான் மலையே பாத்ததில்ல."

கணவனுக்குத் தெரியக்கூடாது என்று மனைவி என்னிடம் சொல்லியிருந்தார். மனைவிக்குத் தெரியக்கூடாது என்று கணவனும் சொல்லிவிட்டார். ரோசம்மாள் கொண்டுவந்த காபியைக் குடித்துவிட்டு, இருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் திரும்பினேன். இந்த வேலையில் அதுவும் ஒரு பகுதி.

மூன்றாம் பாகம் முடிகிற சமயம்தான் சிக்கல் வந்தது. நான்காம் பாகம் அலமாரியில் இல்லை. எங்களிடம் இருந்தது ஒரே பிரதி. வேம்பாரைச் சேர்ந்த ஒரு தையற்காரர் எடுத்துப் போயிருந்தார். நூல்கண்டு வாங்கத் தூத்துக்குடி வரும்போதெல்லாம் புத்தகம் எடுத்துப் போகிற மனிதர், பெயர் செல்லத்துரை. கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அன்று காலைதான் ரோசம்மாள் வந்து சொல்லியிருந்தார்: "ராத்திரி பூரா மூச்சு இழுத்துது. ஆனா காலைல முழிச்சதும் கேட்டாவ, கதையில வார அந்த மூத்தவன் என்ன ஆனான்னு."

எங்கள் நூலகர் கூட்டத்துக்காகத் திருநெல்வேலி போயிருந்தார். கேட்க யாரும் இல்லை. கெடு முடியாத புத்தகத்தை வாசகரிடம் போய்த் திரும்பக் கேட்கக்கூடாது. ஒரு வாசகர் கதையை இன்னொருவரிடம் சொல்லவும் கூடாது. இரண்டும் எனக்குத் தெரியும். விடுப்பு எழுதி வைத்துவிட்டு வேம்பார் பஸ்ஸில் ஏறினேன்.

அந்தப் பயணம் இன்றும் எனக்குக் கனவு மாதிரிதான் இருக்கிறது. சாலையின் ஒரு பக்கம் உப்பளங்கள். கட்டங்கட்டமாக வானம் தரையில் கிடந்தது. வெள்ளை உப்புக் குவியல்களின்மேல் பனை ஓலை போர்த்தியிருந்தார்கள். பஸ் ஓடுகிறதா, அந்த வெளிச்சம்தான் நகர்கிறதா என்று தெரியவில்லை. என்ன சொல்லிப் புத்தகத்தைக் கேட்பது என்று வழியெல்லாம் வாக்கியங்களைக் கோத்துக்கொண்டு போனேன். இறங்கும்போது ஒன்றும் மிச்சமில்லை.

கடை பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே இருந்தது. ஐம்பது வயதுக்காரர், கழுத்தில் அளவு நாடா. மெஷினில் பாதி தைத்த சட்டைக்கை அப்படியே நிற்க, துணி வெட்டும் பலகையில் புத்தகத்தை விரித்து வைத்துக் குனிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"லைப்ரரி அம்மாவா? கெடு இன்னும் ஒம்பது நாள் இருக்குல்லா?"

"ஆமா அண்ணாச்சி. உங்க பேர்ல தப்பே இல்ல. நான்தான் தப்பா வந்திருக்கேன்."

பெயரைச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். மூன்று பாகம் கேட்டு முடித்த ஒருவர் படுக்கையில் இருக்கிறார், ஒன்பது நாள் காத்திருக்க முடியுமோ தெரியாது என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"நான் இங்கன இருக்கேன். மூத்தவன் மலைய விட்டு எறங்கப்போறான். எறங்குதானா இல்லியான்னு தெரியாம ரெண்டு நாளா எனக்குத் துணி வெட்ட ஓடல. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி."

"சொல்லிராதிய." மறுபடி யோசித்தார். "முழுசாத் தர எனக்கு மனசு வரல, அதுதான் உண்மை. ஆனா, வாசிச்சு முடிச்ச பாதி எனக்கு இனி எதுக்கு?"

பலகையின் அடியிலிருந்து பிளேடை எடுத்தார். எனக்குப் பதறியது. பக்கத்துக்குப் பக்கம் நூலக முத்திரை குத்திய அரசாங்கச் சொத்து அது. ஓரத்தில் பென்சிலால் கோடு போடுகிறவரையே கண்டிக்கிற ஆள் நான். வேலைக்கு வந்து ஒரு வருடம்தான். இதற்காக என்னை வேலையை விட்டே அனுப்பினாலும் கேட்பதற்கில்லை. அவர் பிளேடை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். வெளியே, தூத்துக்குடி திரும்பும் பஸ்ஸுக்கு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"வெட்டுங்க அண்ணாச்சி."

"வெட்டமாட்டேன். பொஸ்தகமும் தைச்சதுதான. தையலப் பிரிச்சாப் போதும், தாளு ஒண்ணும் கெடாது."

அட்டையை ஒதுக்கி, முதுகில் ஒட்டியிருந்த துணியை நீரால் நனைத்து உரித்து, நூலை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்தார். அவர் கை அவ்வளவு மெதுவாகப் போயிற்று. அந்தப் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில், நான்காம் பாகத்தின் முதல் பாதியைப் பழைய துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

மூன்றாம் நாள், மீதிப் பாதியுடன் செல்லத்துரையே நூலகத்துக்கு வந்தார். ஊசி, மெழுகு தடவிய நூல் எல்லாம் கொண்டுவந்திருந்தார். "ஒங்க ஆள நான் பாக்கலாமா? இந்தக் கதையப் பேச எங்க ஊர்ல ஒருத்தரும் இல்ல," என்றார். நான் முதலில் ரோசம்மாளிடம் போய்க் கேட்டேன். அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். வரச்சொல்லுங்க என்றார்.

வாதமரத்தடியில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

"மூத்தவன் எறங்குதானா?" என்றார் சூசை.

"கேளுங்க, வருது," என்றார் செல்லத்துரை.

அன்றும், அதற்கடுத்த இரண்டு நாட்களும் அவர் கடையை மூடிவிட்டு வேம்பாரிலிருந்து வந்தார். ரோசம்மாள் வாசிப்பார். சூசையின் மூச்சு சீட்டியடிப்பதுபோல இழுக்கும்போது நிறுத்துவார். சூசை விரலை அசைத்தால் மறுபடி தொடங்குவார். மூன்றாம் நாள் மாலை வெளிச்சத்திலேயே கதை முடிந்தது.

"இது சரியில்ல," என்றார் சூசை. "அவன் எறங்கிருக்கக் கூடாது."

"எறங்காம என்ன செய்வான்? பெத்த தாய் கீழ கெடக்கால்லா."

"கெடக்கட்டும். மேலேர்ந்து பாத்துக்கிட்டு இருக்கணும். கீழ எறங்குனவன் மறுபடி மேல போறது லேசில்ல, அண்ணாச்சி. எனக்குத் தெரியும்."

"கத எழுதுனவருக்குத் தெரியாமலா எழுதுவாரு?"

"அவரு எத்தன பாகம் எறங்கிருக்காரு?" என்றார் சூசை. எனக்குச் சிரிப்பு வந்தது. ரோசம்மாள் சிரிக்கவில்லை. கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவருக்கு விஷயம் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதைப் பற்றி அவர்கள் அப்புறம் பேசிக்கொண்டார்களா என்று நான் கேட்டதில்லை.

செல்லத்துரை இரண்டு பாதிகளையும் சேர்த்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து தைத்தார்.

நடந்ததை எல்லாம் எழுதி, அந்தப் புத்தகத்தோடு எங்கள் நூலகரின் மேசையில் வைத்தேன். நடவடிக்கைக்கு உட்படுகிறேன் என்று கடைசி வரி. அவர் நின்றபடியே படித்தார். புத்தகத்தை விரித்து, நடுவில் மூக்கு படுமளவு குனிந்து பார்த்தார்.

"பைண்டிங்குக்கு அனுப்பற நம்ம புத்தகம் ஒண்ணுகூட இப்படித் தச்சு வர்றதில்லை," என்றார். என் கடிதத்தை நான்காய் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடுத்த தடவை எனக்கு ஒரு தந்தி குடுங்க," என்றார். அந்தக் கடிதம் எந்தக் கோப்பிலும் சேரவில்லை.

சுவரிலிருந்த என் பட்டியல் அந்த வருடத்து மழையில் ஒருநாள் பசைவிட்டு விழுந்தது. சுருட்டி அலமாரிமேல் வைத்தேன். திரும்ப ஒட்டவில்லை. அதன் பிறகு என்னிடம் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால், உட்காருங்கள் என்று ஒரு நாற்காலியைக் காட்டுவேன். யாருக்கு, எப்படிப்பட்டவர், இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கேட்பேன். சிலருக்கு அது பிடிக்காது. உடனே பத்துப் பெயர் வேண்டும் என்பார்கள். அவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். ஆனால் பெயர் சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிடம் தயங்கப் பழகிக்கொள்ளுங்கள். வேறு எதையும் நான் உங்களுக்குக் கற்றுத் தரப்போவதில்லை.

சூசை அடுத்த புத்தகம் கேட்டனுப்பினார். "இதவிடப் பெருசா," என்றாராம். பாலைவனத்தைக் கடந்து போகும் ஒரு வியாபாரக் கூட்டத்தின் கதை, எழுநூறு பக்கத்துக்கு மேல். கொடுத்தேன். டாக்டர் சொன்ன கணக்கைத் தாண்டி, ஐந்தாவது மாதத்தில் ஒரு காலை அவர் இறந்துபோனார். அடக்கத்துக்கு நானும் எங்கள் நூலகரும் போனோம். செல்லத்துரை வேம்பாரிலிருந்து வந்திருந்தார். பெட்டிக்குள் விரித்த வெள்ளைத் துணியின் ஓரம் அவர் தைத்தது.

முப்பது நாள் பூசை முடிந்த பிறகு ரோசம்மாள் நூலகத்துக்கு வந்தார். கறுப்புச் சேலை. கையில் அந்தப் பெரிய புத்தகம். பாதிக்குச் சற்று முன்னால் ஒரு நூல்துண்டு அடையாளமாகக் கிடந்தது. கெடு எப்போதோ தாண்டியிருந்தது. நான் வாங்கி வைக்கக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"இன்னும் முடியல டீச்சர்."

"எடுத்துட்டுப் போங்க. நான் பதிஞ்சு வச்சுக்கிடுதேன்," என்றேன். நாசரேத் பேச்சு எனக்குத் தானாகவே வந்துவிட்டது.

"வீட்டுல வாசிக்க முடியல. சத்தமா வாசிச்சே பழகிட்டு. வாய்க்குள்ள வாசிச்சா ஒண்ணும் ஏறமாட்டேங்கு. சத்தமா வாசிச்சா, கேக்க ஆளில்ல."

படிக்கும் கூடத்தில் அப்போது நாலைந்து பேர் இருந்தார்கள். துறைமுகத்தில் இரவுப் பணி முடித்து வந்த இருவர், பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பெண், நாளிதழில் முகம் புதைத்த ஒரு கடைக்காரர். அமைதி காக்கவும் என்று பலகை தொங்கியது. நான் ஒரு நாற்காலியை இழுத்து ஜன்னலோரம் போட்டேன்.

"இங்க வாசிங்க."

அவர் தயங்கி உட்கார்ந்தார். நூல்துண்டை எடுத்துவிட்டு, மிகத் தாழ்ந்த குரலில் தொடங்கினார். கடைக்காரர் நாளிதழை இறக்கிப் பார்த்தார். அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். குரல் மெல்லத் தெளிந்தது. ஒட்டகங்கள் வரிசையாக மணல்மேட்டில் ஏறின. ஜன்னல் வழியே பிற்பகல் கடல்காற்று வந்துகொண்டிருந்தது. எங்கள் நூலகர் அறையிலிருந்து வெளியே வந்தார். ஒரு நிமிடம் நின்று கேட்டார். பிறகு, வாசகர்களோடு வாசகராக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.